கூடைப் பழமும் குப்பிக் கணக்கும்

பெங்களூர் நகரில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்னரே பல இல்லங்களில் திராட்சை மது ஊறத் தொடங்கிவிடுகிறது. அவ்வமயம் எழும் முதற் கேள்வி, இத்தனை கிலோ பழத்திற்கு எத்தனை குப்பி மது கிடைக்கும் என்பதே. இது செலவை மட்டும் பொறுத்த கேள்வியன்று. மது மதுவாக நிற்குமா, காடியாகப் போகுமா என்பதும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

நம் வட்டாரத்திற்குரிய பழம் பெங்களூர் நீலத் திராட்சை. பெங்களூரைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் விளையும் இப்பழத்திற்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கெட்டியான தோல், அத்தோலினின்று வழுக்கி விழும் சதை, உள்ளே விதைகள், நுகர்ந்தவுடன் அறியத்தக்க தனி மணம் ஆகியவை இதன் இலக்கணம். தோலும் விதையும் மிகுந்திருப்பதால், எடை முழுவதும் சாறாகும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பத்துக் கிலோ பழத்தை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம். கொத்துக் காம்புகளை நீக்கினால் ஏறத்தாழ 400 கிராம் கழியும். எஞ்சிய 9.6 கிலோவைக் கையால் மசித்தால் சுமார் 9 லிட்டர் கூழ் கிடைக்கும். அதனைத் துணியிலிட்டுப் பிழிய, மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.4 கிலோ சாறு இறங்கும். சர்க்கரை கலந்திருப்பதால் சாறு தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. ஒரு லிட்டர் சாறு ஏறக்குறைய 1.07 கிலோ எடையிருக்கும். ஆகவே நமக்குக் கிடைப்பது 6 லிட்டர். பிறகு அடியில் தங்கும் வண்டலிலும் பாத்திரம் மாற்றும்போதும் எட்டில் ஒரு பங்கு போய்விடும். இறுதியில் நிற்பது 5¼ லிட்டர். 750 மில்லிலிட்டர் குப்பியில் ஏழு குப்பிகள். தோலோடு நொதிக்கவிட்டுப் பின்னர் பிழிந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதுவே.

ஒரு சொட்டுச் சாறும் வீணாகலாகாது என்று கருதிப் பழத்தை மின் அரைவையில் இட்டு அரைப்போரும் உளர். அது கூடாது. விதைகள் உடைந்தால் அவற்றின் கசப்பும் துவர்ப்பும் மதுவில் இறங்கும். கூடுதலாகக் கிடைத்த ஒரு குவளைக்காகப் பாத்திரம் முழுவதையும் கெடுத்துக்கொள்வது சிக்கனமாகாது. தண்ணீர் ஊற்றி அளவைப் பெருக்குவதும் அத்தகையதே. குப்பிகள் கூடும், புளிப்பும் மணமும் நிறமும் குன்றும்.

சர்க்கரைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டரில் உள்ள சுமார் 17 கிராம் சர்க்கரை, நொதித்தபின் ஒரு சதவீத ஆல்கஹாலைத் தரும். பழச்சாற்றில் லிட்டருக்கு 170 கிராம் சர்க்கரை இருந்தால் மதுவில் பத்துச் சதவீதம் எதிர்பார்க்கலாம். பன்னிரண்டு சதவீதம் வேண்டுவோர் லிட்டருக்கு 34 கிராம், ஆறு லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சேர்த்தால் போதும். பழத்தின் எடையில் பாதி அளவு சர்க்கரையைக் கொட்டினால், ஈஸ்ட் ஓரளவோடு ஓய்ந்துவிட, எஞ்சியது வெறும் இனிப்பாகவே தங்கிவிடும்.

இனி, பாத்திரம். அத்தகைய ஒரு லிட்டர் சாறு நொதித்து முடியுமுன் ஏறத்தாழ 45 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடும். அவ்வாயு தோல்களை மேலே தள்ளித் திரளச் செய்யும். ஆதலால் 9 லிட்டர் கூழுக்குப் 12 அல்லது 13 லிட்டர் கொள்ளும் பீங்கான் ஜாடி வேண்டும். வாயைத் துணியால் கட்டலாமேயன்றி இறுக மூடலாகாது. மூடினால் கலம் வெடிக்கவும் கூடும். திரண்ட தோலை நாளுக்கு இருமுறை அமிழ்த்திவிடுதல் நலம்.

நொதிப்பு அடங்கிய பின்னர் நிலைமை நேர்மாறு. அப்பொழுது காற்றே பகை. காற்றிலுள்ள பிராணவாயுவின் துணையால் நுண்ணுயிர்கள் மதுவைக் காடியாக்கிவிடும். முன்பு பயன்பட்ட பெரிய ஜாடியிலேயே 6 லிட்டரை விட்டுவைத்தால் பாதிக்குமேல் வெற்றிடமாக நிற்கும். எனவே 5 லிட்டர் கண்ணாடிக் கலம் ஒன்றையும் ஒரு லிட்டர் குப்பி ஒன்றையும் முன்கூட்டியே தேடி வைத்து, இரண்டையும் கழுத்துவரை நிரப்பவேண்டும். வாயு முற்றிலும் அடங்கும்வரை இவற்றையும் சற்றே தளர்வாக மூடுதல் வேண்டும். வண்டல் நீக்கும்போது பெரிய கலத்தில் ஏற்படும் குறையைச் சிறிய குப்பியிலிருப்பதைக் கொண்டு ஈடு செய்யலாம். பழம் வாங்குமுன் கணக்கிட வேண்டுமென்று நாம் வற்புறுத்துவது இதற்காகவே.

மற்றொன்றையும் மறத்தலாகாது. கர்நாடகத்தின் 1965ஆம் ஆண்டுக் கலால் சட்டம் மது தயாரிப்பை உரிமத்திற்கு உட்படுத்துகிறது. பண்டிகை வழக்கம் சட்டத்திற்கு விலக்காகிவிடாது. ஆதலின் முயற்சியில் இறங்குமுன் கலால் அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிந்துகொள்வது குடும்பத்திற்கு நன்று.

சுருங்கக் கூறின், இரண்டு கிலோ பழத்திற்கு ஒரு லிட்டரைச் சற்று மிஞ்சிய மது. இவ்வளவை நினைவிற்கொண்டு கூடையை எடுத்துச் சென்றால் பணமும் வீணாகாது, பழமும் வீணாகாது.