கணுவும் மொட்டைமாடிச் சாவியும்

(நமது சமுதாயக் கூடத்தில் நடந்த பொங்கல் விழாவில், பி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சின்ன வயதுப் பொங்கல் ஞாபகம் ஏதாவது பத்து நிமிஷம் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். பானை, கரும்பு, மாடு எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்களே முடித்துவிட்டார்கள். மறுநாள் காலையில் வரும் கணுவை மட்டும் யாரும் தொடவில்லை. ஆகவே அது எனக்கு.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. தை இரண்டாம் தேதி விடிகாலையில், குளிப்பதற்கு முன்னால், வீட்டுப் பெண்கள் மஞ்சள் இலையில் சோற்று உருண்டைகளை வைத்து, கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதுதான் கணுப்பிடி. உருண்டைகளைச் சாப்பிட வேண்டியது காக்கை. காக்கை தனியாகச் சாப்பிடாது, கத்தித் தன் கூட்டத்தையும் கூப்பிட்டுக்கொள்ளும். திருவள்ளுவரும் சுற்றந்தழால் அதிகாரத்தில் அதைத்தான் சொல்கிறார். கூடப்பிறந்தவர்களும் அப்படி ஒட்டி இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல்.

எங்களுக்குக் கும்பகோணம். பாட்டி கணு வைக்கக் காவிரிக்கே போவாள். மேட்டூர் அணையை ஜனவரி 28-க்குத்தான் மூடுவார்கள், அதனால் பொங்கல் சமயத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். பகவத் படித்துறையில் வைத்துவிட்டு, அப்படியே முழுக்குப் போட்டுவிட்டு வருவாள். அம்மாவும் நானும் மொட்டைமாடியில் வைப்போம்.

முதல்நாள் ராத்திரியே சாதத்தில் கொஞ்சம் எடுத்து வைத்துவிட வேண்டும். காலையில் ஒரு பங்கில் மஞ்சள் பொடி, ஒரு பங்கில் குங்குமம், ஒரு பங்கில் தயிர். இவற்றோடு முதல்நாள் சர்க்கரைப் பொங்கல். எங்கள் வீட்டுக் கணக்கு ஒவ்வொன்றிலும் ஏழு உருண்டை. வேறு வீடுகளில் ஐந்து, ஒன்பது என்று இருக்கும். குங்குமச் சாதம் பிசைவது என் வேலை. அந்தச் சிவப்பு கையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். இலையின் ஓரத்தில் வாழைப்பழமும் கரும்புத் துண்டும் வெற்றிலை பாக்கும்.

அதற்கு முன்னால் மஞ்சள் கீறிக்கொள்ள வேண்டும். பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்திலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக் கல்லில் உரைத்து, பெரியவர்கள் நெற்றியில் தீற்றிவிடுவார்கள். தெருவில் ஐந்து வீடு ஏறி இறங்குவேன். ஒவ்வொரு மாமியும் ஒவ்வொரு அழுத்தம். வீடு திரும்பும்போது நெற்றி காந்தும்.

என் தம்பி என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவனுக்கும் உருண்டை வைக்க ஆசை. "உனக்காகத்தாண்டா அவ வெக்கறா, நீ சும்மா இரு" என்பாள் பாட்டி. அவன் சும்மா இருப்பானா? காக்கை கூப்பிடுகிறேன் என்று மாடிக்கு வந்து நிற்பான். ஒரு வருஷம் நாங்கள் கீழே இறங்கியதும் இலையிலிருந்த கரும்பு அத்தனையையும் தின்றுவிட்டான். பயந்துபோய் நான் பாட்டியிடம் ஓடினேன். பாட்டி சிரித்துவிட்டாள். "போறது போ, போக வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு."

நம் சி பிளாக்கில் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் ராக்கி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் எதிரே உட்கார வேண்டும், கையை நீட்ட வேண்டும். தீபாவளிக்குப் பிறகு அவர்கள் கொண்டாடும் பாயி தூஜிலும் அண்ணன் வந்தால்தான் திலகம். நம் கணுவில் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம், வேறு ஊரில் இருக்கலாம். அவனைக் கேட்காமலே நடந்துவிடுகிற பண்டிகை இது. சீர் என்று ஏதோ கொடுப்பான், வாஸ்தவம். கொடுத்தால்தான் வைப்பது என்று கிடையாது. இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது அம்மாதான்.

அம்மாவுக்கு ஒரே அண்ணா, பம்பாய் மாதுங்காவில் இருந்தார். வருஷா வருஷம் போகிக்கு முன்னால் அவரிடமிருந்து ஐந்து ரூபாய் மணியார்டர் வரும். கூப்பனில் "கணுவுக்கு" என்று ஒரே வார்த்தை. அம்மா அந்த ஐந்து ரூபாயைச் செலவே செய்ய மாட்டாள், அரிசி டப்பாவில் கிடக்கும். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, தாத்தா வீட்டை விற்றதில் ஏதோ மனஸ்தாபம். யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வருஷம் மணியார்டர் வரவில்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனதை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள்.

மறுநாள் அம்மா கணு வைக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வழக்கம்போல நாலரை மணிக்கு என்னை எழுப்பினாள். மாடியில் வைத்துக் கேட்டேவிட்டேன்: "மாமாதான் ஒண்ணும் அனுப்பலையே?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் அனுப்பினா அவனுக்கு, அனுப்பலேன்னா இல்லேன்னு இதுக்கு என்னடி ரசீதா இருக்கு? உருண்டையைச் சரியா பிடி."

இப்படி நாலு வருஷம். நாலு வருஷமும் ஏழேழு உருண்டை, ஒன்று குறையவில்லை. ஐந்தாம் வருஷம் மணியார்டர் வந்தது, இருபத்தைந்து ரூபாய். கூப்பனில் அதே ஒரு வார்த்தை. அம்மா விரல் விட்டுப் பார்த்தாள். "கணக்கு வெச்சிண்டிருக்கான் பாரு" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று என்னால் சொல்ல முடியாது, சமையலறைக்குள் போய்விட்டாள். அன்று சித்ரான்னத்தில் புளியோதரைக்கு உப்பு இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், மூன்று வருஷமாக என் தம்பியும் நானும் பேசுவதில்லை. எங்கள் கும்பகோணம் வீடுதான் காரணம். அம்மாவுக்கு நடந்ததே எனக்கும். என் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன், அவனும் அப்படித்தான் நினைப்பான். அது கிடக்கட்டும்.

போன வருஷத்திலிருந்து நம் மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் யாரோ சாப்பாட்டைப் போட்டு, புறாக்கள் வந்து அசிங்கமாகிவிட்டது. பொதுக்குழுவில் பூட்டலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி, மறைக்கவில்லை. கணு ஞாபகம் அப்போது வரவே இல்லை.

இந்தத் தை இரண்டாம் தேதி காலை ஐந்தரைக்கு இலையும் கையுமாக மேலே போய், பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தேன். லிஃப்டில் ஏ பிளாக் பெண்கள் இரண்டு பேர், அவர்கள் கையிலும் இலை. கடைசியில் என் பால்கனியில், ஏசி பெட்டியின் தலையில் வைத்தேன். ஏழு மணி வரை காக்கை வரவில்லை. புறா வந்தது. புறாவுக்குக் குங்குமச் சாதம் பிடிக்கவில்லை. கரும்பை யாரும் தொடவில்லை, சாயங்காலம் நானே எடுத்துப் போட்டேன்.

செயலாளரும் கமிட்டி உறுப்பினர்களும் முன்வரிசையில் இருப்பதால் கேட்டுவிடுகிறேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள், தை இரண்டு, காலை ஐந்து முதல் ஏழு வரை மாடியைத் திறந்துவிடுங்கள். தொட்டிப் பக்கம் யாரும் போக மாட்டோம், தெற்குக் கைப்பிடிச் சுவர் ஓரமாகவே வைத்துக்கொள்கிறோம். எட்டு மணிக்குள் இலைகளை எடுத்துவிட்டுத் தரையைக் கழுவித் தருகிறோம். கழுவுகிறவர்கள் பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் சாவியை யாரிடம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால் போதும்.