மலிவும் மனச்சாட்சியும்

(மார்சிலிங்கில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த மார்சிலிங்கில் இன்று நாலாபுறமும் அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்தில் இதுவும் பால்மரக் காடுதான். லிம் நீ சூன் தம் பூர்வீக ஊரின் பெயரைத் தமது தோட்டத்துக்கு வைத்தார். தோட்டம் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

கடற்பாலமோ பக்கத்தில்தான். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது, சனிக்கிழமையானால் குடும்பம் குடும்பமாக ஜொகூர்பாருவுக்குப் பை தூக்கிப் போகிறோம். "உள்ளூர்க் கடைக்காரன் பிழைப்பைக் கெடுக்கிறாயே" என்று சிலர் ஏசுகிறார்கள். நான் ஏசமாட்டேன். சம்பளத் தேதிக்குப் பத்து நாள் முன்பே காசு தீர்ந்துபோகும் வீட்டில், பிள்ளைக்குப் பால்மா வாங்கும் தாயிடம் நியாயம் போதிக்க எனக்கு வாய் வராது.

ஆனால் மலிவு என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, மரம் சீவியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? ரப்பர் விலை சரிந்தபோது அந்தச் சரிவு யார் கூலியில் கழிந்தது என்பது, செக்ரோல் எழுதிய கிராணிமார்களுக்கும் தெரியும்.

2020ஆம் ஆண்டு ஜூலையில், உலகமே ரப்பர் கையுறைக்குப் பறந்த கொரோனா காலத்தில், மலேசியாவின் டாப் குளோவ் நிறுவனத்தைச் சேர்ந்த இரண்டு துணை நிறுவனங்களின் சரக்கை அமெரிக்கச் சுங்க இலாகா தடுத்தது. தொழிலாளர்களைக் கட்டாய உழைப்பில் வைத்திருப்பதாகக் குற்றச்சாட்டு. வேலைக்கு வர ஏஜெண்டுகளிடம் அந்தத் தொழிலாளர்கள் கொட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. கடையில் ஒரே ஒரு பெட்டி வாங்குகிறவர் வேண்டாமென்று வைத்துவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்குமா? பெரிய சந்தையின் வாசல் அடைபட்டது, அதனால் நடந்தது.

இங்கேயும் அப்படி ஒன்றைப் பார்த்தோம். 2015இல் சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடு எரிந்து, புகை மூட்டத்தால் செப்டம்பர் 25ஆம் தேதி நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அக்டோபரில் ஃபேர்பிரைஸ், ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனத்தின் காகிதப் பொருள்களை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டது. மற்றப் பெரிய கடைகளும் பின்தொடர்ந்தன. எந்தக் காகிதம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று வீட்டுக்காரம்மா மூக்குக்கண்ணாடி போட்டு ஆராய வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையைக் கடை செய்தது.

அந்தக் கடை யாருடையது? விலைவாசி ஏறிக்கொண்டிருந்த 1973இல், ஜூலை 22ஆம் தேதி, தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் 'வெல்கம்' என்ற கூட்டுறவு அங்காடியைத் திறந்தது. 1983இல் அது இன்னொரு கூட்டுறவோடு இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று. தொழிலாளி அன்றாடப் பொருளை நியாய விலையில் வாங்கட்டும் என்றுதான் சங்கம் கடை வைத்தது. அங்கே விற்கும் சரக்கு நியாயமாக விளைந்ததா என்று கேட்பதும் அதே சங்கத்தின் பொறுப்புத்தான். ஏழைத் தாயின் முந்தானை முடிச்சில் அந்தப் பாரத்தை ஏற்றலாகாது.

காசு செலவாகாத காரியங்களை நாமே செய்யலாம். 2023 ஜூலையிலிருந்து இங்கே பெரிய அங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்கு ஐந்து காசாவது கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து துணிப்பை கொண்டுபோனால் காசும் மிச்சம், குப்பையும் குறைவு. நம் பாட்டிமார் சட்டமில்லாமலே இதைச் செய்தார்கள்!

தோட்டங்களில் கூட்டுறவுக் கடை இருந்தால் அதன் ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் கைக்கு வந்ததும் கிளம்பிவிடாதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்: இந்தச் சமையல் எண்ணெய் எந்தத் தோட்டத்துச் செம்பனை? அங்கே குலை வெட்டுகிறவனுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா? இதே விலையில் நல்ல சரக்கு வேறு உண்டா? பதில் வந்தாலும் வராவிட்டாலும், கேட்ட கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு உட்காருங்கள்.