இணைப்பதற்கு முன் எழுதித் தாருங்கள்



மலேசியாவில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. வளாகங்களை ஒன்றாக்கினால் செலவு குறையாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம் வைத்தால் போவது மக்கள் வரிப்பணம். அலுவலகங்களை இணைக்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். என் கவலை சிறிய துறைகளைப் பற்றியது.

இதோ, நம் பெட்டாலிங் ஜெயா எல்லையில் நிற்கும் மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் பிறந்ததே ஓர் இணைப்பால்தான். ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாயின. 1959இல் சிங்கப்பூர், கோலாலம்பூர் என இரண்டு பிரிவுகள். 1962இல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள்.

அந்தப் பிரிவினையில், 1956இல் அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, தமிழ் கற்பிக்கும் இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூருக்கு வந்தது. நாம் பிழைத்தோம்! தமிழறிஞர் தனிநாயகம் அடிகளார் அதன் தலைவரானார். அவர் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இந்த மண்ணில் நடந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு அப்படியொரு துறை வாய்க்கவில்லை. அங்கும் தமிழர் இருந்தார்களே!

அந்தத் துறை சும்மா வந்ததா? சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கா என்று பெரிய வாதமே நடந்தது. கோ. சாரங்கபாணி தமிழுக்காகத் தம் ‘தமிழ் முரசு’ ஏட்டில் போராடினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். பால்மரக் காட்டில் உழைத்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட, பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல் வாங்க வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். தாங்கள் ஒருநாளும் நுழையப்போகாத நூலகத்துக்கு, ஐயா!

சிங்கப்பூரில் ரிக்‌ஷா ஓட்டிய சீனர்களும் அப்படித்தான் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. சீனமொழிப் பல்கலைக்கழகம் என்பது அங்கே அதோடு முடிந்தது.

ஆகவே, இணைப்பு என்று யார் பேசினாலும் முதலில் எழுத்தில் கேளுங்கள்: தமிழ் கற்பிக்கும் பதவிகள் நீடிக்குமா, விரிவுரையாளர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் வருமா? வாய்மொழி உறுதி போதாது. கையெழுத்து வேண்டும்.

மாணவர் குறைவு என்ற காரணம்தான் எந்தத் துறையையும் முதலில் சாய்க்கும். அதற்கு அமைச்சரிடம் மனு கொடுத்துப் பயனில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, எஸ்.டி.பி.எம். தேர்வை முடிக்கும் உங்கள் பிள்ளைகளில் தமிழில் ஆர்வமுள்ள ஒருவரையாவது இந்திய ஆய்வியல் துறைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.