ராட்சதக் குரங்கும் அரக்கன் எலும்பும்

(சிங்கவரத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியும் குடிமனைப் பட்டாவைப் பற்றியும் பேச வேண்டிய கூட்டத்தில் குரங்கைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இருபது நிமிஷம் பொறுத்துக் கேளுங்கள். குரங்கின் கதையும் உங்கள் கதையோடுதான் வந்து சேருகிறது.

செஞ்சி மலைப்பக்கம் பிறந்து கிழக்கே ஓடுகிறதே சங்கராபரணி ஆறு, அதன் கரையில் திருவக்கரை இருக்கிறது. அங்கே ஆள் உயரத்தைவிட நீண்ட உருண்டைக் கற்கள் பூமியில் கிடக்கின்றன. வக்கிராசுரன் என்ற அரக்கன் அங்கே கொல்லப்பட்டான், இவை அவன் எலும்புகள் என்று பரம்பரையாகக் கதை சொல்லி வந்தார்கள். உண்மையில் அவை மரங்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, கல்லாய்ச் சமைந்த மரங்கள். 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதினார். இன்று இந்திய நிலவியல் துறை அந்த இடத்தைக் காத்து வருகிறது.

கதை சொன்னவர்களை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. கண்ணால் கண்டதற்கு ஒரு காரணம் தேடினார்கள். அன்று கையில் கிடைத்த காரணம் அரக்கன்தான்.

உலகெங்கும் இதே கதைதான். சீனாவில் பூமியிலிருந்து எடுத்த பழைய பற்களை ‘டிராகன் பல்’ என்று சொல்லி, பொடி செய்து மருந்தாக விற்றார்கள். 1935-ல் வான் கோனிக்ஸ்வால்ட் என்ற விஞ்ஞானி ஹாங்காங்கில் ஒரு மருந்துக் கடையில் அப்படிப்பட்ட கடைவாய்ப் பல் ஒன்றைக் கண்டார். குரங்கினத்தின் பல், ஆனால் எந்தக் குரங்குக்கும் இல்லாத பருமன்! அந்தப் பிராணிக்கு ஜைகாண்டோபிதிகஸ், அதாவது ராட்சதக் குரங்கு, என்று பெயரிட்டார்.

கடையில் பல் இருக்கிறது. அது எந்த மண்ணிலிருந்து வந்தது? இதற்குப் பதில் சொன்னவர் ஒரு விவசாயி. 1956-ல் தென்சீனாவின் குவாங்சி மாகாணத்தில் வயலுக்கு உரமண் வேண்டிக் குகையைத் தோண்டியவர் கையில் ஒரு தாடை எலும்பு அகப்பட்டது. பெய் வென்ஜோங் என்ற சீன விஞ்ஞானியின் குழு அக்குகையை ஆராய்ந்தது. மூன்று தாடைகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களும் கிடைத்தன.

நம் நாட்டுக்கு வருவோம். சிவாலிக் மலைப்பகுதியில் கிடைத்த ஒரு பெரிய குரங்கின் பல்லைப் பற்றி 1915-லேயே இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த பில்கிரிம் எழுதினார். 1968-ல் இமாச்சலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிதல்யாங்கர் என்ற ஊர்ப்பக்கம் ஒரு முழுக் கீழ்த்தாடை விஞ்ஞானிகள் கைக்கு வந்தது. அமெரிக்கரான சைமன்ஸும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் சோப்ராவும் அதை உலகுக்கு அறிவித்தார்கள். ஆனால் அதை முதலில் மண்ணிலிருந்து எடுத்தவர் யார்? அந்த ஊர் விவசாயிதான்! அதன் வயது சுமார் 86 லட்சம் ஆண்டு. சீனக் குரங்குக்கு மிகவும் மூத்தது. இன்று அதற்கு இந்தோபிதிகஸ் என்று தனிப்பெயர் வழங்குகிறது.

சீனத்து ராட்சதக் குரங்கு எவ்வளவு பெரியது? 3 மீட்டர் உயரம், 200 முதல் 300 கிலோ எடை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான்; தாடையும் பல்லும் தவிர வேறு எலும்பு அகப்படவில்லை. 2019-ல் 19 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு பல்லிலிருந்து புரதத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். அது ஒராங்குட்டானின் தூரத்து உறவு என்று நிச்சயமாயிற்று.

இனிப் பனிமனிதன் கதையைப் பார்ப்போம். 1951-ல் இமயத்தில் ஷிப்டன் என்ற மலையேறி ஒரு பெரிய காலடித் தடத்தைப் படம் பிடித்தார். ராட்சதக் குரங்கு இன்னும் சாகவில்லை, எட்டி என்ற பனிமனிதன் அதுவே என்று பத்திரிகைகள் பரபரப்பாக்கின. 1960-ல் ஹிலாரி நேபாளத்து மடாலயம் ஒன்றிலிருந்த ‘எட்டியின் மண்டைத்தோலை’ வாங்கிச் சென்று காட்டினார். அது மலையாட்டு இனமொன்றின் தோலில் செய்தது என்று தெரிந்தது. 2017-ல் எட்டியுடையவை என்று சொல்லப்பட்ட ஒன்பது எலும்பு, தோல், முடி மாதிரிகளின் மரபணுவைச் சோதித்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய்! இருந்தும் 2019-ல் நமது ராணுவமே எட்டியின் காலடி என்று படம் வெளியிட்டது.

வானர சேனை என்பது இந்தக் குரங்குதான் என்று சொல்பவர்களும் உண்டு. 86 லட்சம் ஆண்டுக்கு முன் கதை சொல்ல மனிதனே இல்லை. சீனக் குரங்கும் இரண்டு லட்சம் ஆண்டுக்கு முன்பே அழிந்து போயிற்று. கதையைக் கதையாக ரசிப்போம். சரித்திரமென்று யாரும் நம் தலையில் கட்ட வேண்டாம்.

அவ்வளவு பலசாலி ஏன் அழிந்தான்? 2024-ல் சீன, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி இதைச் சொல்கிறது. 7 லட்சம், 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காடு மாறத் தொடங்கியது. பழம் அருகிப்போன பருவங்களில் அது மரப்பட்டையையும் சுள்ளியையும் தின்று காலம் தள்ளியது. ஒராங்குட்டானோ உணவையும் வாழ்முறையையும் மாற்றிக்கொண்டு தாக்குப்பிடித்தது. 2,95,000-க்கும் 2,15,000-க்கும் இடைப்பட்ட காலத்தில் ராட்சதக் குரங்கு முற்றிலும் ஒழிந்தது.

அந்தக் குரங்கு சீனக் காட்டில் உலவிய அதே காலத்தில் நம் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? 15 லட்சம் ஆண்டுக்கு முன்பே அங்கே ஆதிமனிதர்கள் கல்லைச் செதுக்கிக் கைக்கோடாரி செய்தார்கள். உடல் சிறியது, பல் சிறியது; ஆனால் கை உழைக்கக் கற்றது. குரங்கு மனிதனானதில் உழைப்பின் பங்கு என்ன என்று எங்கெல்ஸ் 1876-லேயே எழுதினார். கை உழைப்பைப் படைத்தது. உழைப்பு கையைப் பண்படுத்தியது. கூடி உழைத்தபோது பேச்சும் அறிவும் வளர்ந்தன என்பது அவர் காட்டிய வழி.

தோழர்களே! எந்தப் பெரிய காரியத்தைக் கண்டாலும் ‘பூதம் கட்டியது’ என்கிறோம். இதோ, இந்தச் சிங்கவரத்து மலையைக் குடைந்து ரங்கநாதரைச் செதுக்கியது பூதமல்ல. பெயர் தெரியாத கல்தச்சர்கள். செஞ்சிக் கோட்டைக்குக் கல் சுமந்தது அரக்கனல்ல. நம்மைப் போன்ற கூலிகள். உழைத்தவன் பெயரை மறைத்துப் பூதத்தின் பெயரைச் சொன்னால் லாபம் யாருக்கு? உழைப்பின் பலனை உட்கார்ந்து தின்றவனுக்குத்தான்!

உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிணறு வெட்டும்போதும், ஏரி தூர் எடுக்கும்போதும், கல் உடைக்கும்போதும் வழக்கமில்லாத எலும்போ, கல்லோ, பல்லோ அகப்பட்டால் உடைக்காதீர்கள், விற்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்து வைத்துப் பள்ளி ஆசிரியரிடமும் தாசில்தாரிடமும் சொல்லுங்கள். யார் கண்டெடுத்தது என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். பூமியின் சரித்திரம் முதலில் படுவது மண்வெட்டி பிடித்தவன் கண்ணில்தான். அதைப் படிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். பள்ளி இல்லாத இடத்தில் பள்ளிக்காகப் போராடுங்கள்.