திரும்பிச் சென்ற சகோதரியர்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விக்கென அமைந்த ஒரு கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கடல் கடந்த நாட்டில் நூறாண்டைக் கடந்தும் இயங்கிவரும் ஒரு சங்கத்தைப் பற்றிப் பேச விழைகின்றேன். ஆல்பா காப்பா ஆல்பா என்பது அதன் பெயர். அமெரிக்கக் கல்லூரி மாணவர் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துகளால் பெயரிடுவது அந்நாட்டு வழக்கம். கறுப்பின மாணவியர் தமக்கென அமைத்துக்கொண்ட இத்தகைய சகோதரியர் சங்கங்களுள் இதுவே முதலாவது.

1908 ஜனவரி 15ஆம் நாள், வாஷிங்டன் நகரின் ஹோவார்டு பல்கலைக்கழகத்தில், எத்தெல் ஹெட்ஜ்மன் என்னும் மாணவியின் முயற்சியால் இது பிறந்தது. அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது 42 ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்லூரி வாசலை மிதித்த கறுப்பினப் பெண்கள் மிகச் சிலர்.

அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக 2021 முதல் 2025 வரை விளங்கிய கமலா ஹாரிஸ், ஹோவார்டில் பயின்றபோது 1986இல் இச்சங்கத்தில் சேர்ந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய துளசேந்திரபுரத்தைத் தமிழகம் நன்கு அறிந்துகொண்டது. அவரை வளர்த்த இந்தச் சகோதரியர் சங்கத்தையோ நம்மில் பலர் அறிந்திலர். ஆயினும், பதவியால் புகழ்பெற்றவரைவிட, பணியால் உயர்ந்த மூவரையே இன்று உங்கள் முன் நிறுத்த விரும்புகின்றேன்.

முதலாமவர் ஐடா ஜாக்சன். 1902இல் மிசிசிப்பி மாநிலத்தில் விக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். கலிபோர்னியா சென்று பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஓக்லாந்து நகரின் பொதுப் பள்ளிகளில் பணியேற்ற முதல் கறுப்பின ஆசிரியர் அவரே. அந்நிலையில் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1934ஆம் ஆண்டுக் கோடையில் சங்கத்தின் துணையுடன் மிசிசிப்பிக்கே மீண்டும் சென்று, ஹோம்ஸ் மாவட்டத்துக் கிராமப்புறக் கறுப்பின ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அங்கே ஓர் உண்மை புலப்பட்டது. பிள்ளைகள் பிணியுற்றிருக்கும்போது, ஆசிரியருக்குப் பயிற்சி தந்து மட்டும் என்ன பயன்?

அவ்வினாவுக்கு விடையாக வந்தவர் இரண்டாமவர், டாக்டர் டோரத்தி ஃபெரபீ. 1924இல் டஃப்ட்ஸ் மருத்துவக் கல்லூரியில் உயர்ந்த தேர்ச்சி பெற்றும், பயிற்சி மருத்துவராக அவரை ஏற்க வெள்ளையர் மருத்துவமனைகள் மறுத்தன. வாஷிங்டனில் கறுப்பருக்கான ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனையே அவருக்கு இடமளித்தது. அவமதிப்பை நினைந்து அவர் முடங்கிவிடவில்லை. 1935 முதல் 1942 வரை, மிசிசிப்பி நலவாழ்வுத் திட்டத்தை முன்னின்று நடத்தினார். மருத்துவர், செவிலியர், ஆசிரியர் எனச் சகோதரியர் தம் கோடை விடுமுறையைத் துறந்து, சொந்தக் கார்களில் நெடுந்தொலைவு பயணம் செய்தனர். கறுப்பருக்கு அறை தரும் விடுதிகள் வழியில் அரியனவாக இருந்த காலம் அது.

பருத்தித் தோட்ட முதலாளிகள் அவர்களை ஐயத்துடன் நோக்கினர். வாரத்துக்கு உழுத குடியானவர்கள் தோட்டத்தை விட்டு மருத்துவ நிலையத்துக்குச் செல்வதை விரும்பவில்லை. மக்கள் வர இயலாதெனில் மருத்துவம் அவர்களிடம் செல்லட்டும் என முடிவு செய்தனர் சகோதரியர். கார்களே மருத்துவ நிலையங்களாயின. தோட்டம் தோட்டமாகச் சென்று, தொண்டை அடைப்பான், பெரியம்மை ஆகிய நோய்களுக்கு எதிராகப் பிள்ளைகளுக்குத் தடுப்பு ஊசி இட்டனர். உணவு முறையும் தூய்மையும் பற்றித் தாய்மார்க்கு எடுத்துரைத்தனர். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கும் டயருக்கும் கட்டுப்பாடு வந்தபோதுதான் அப்பணி நின்றது.

மூன்றாமவர் கணித மேதை கேதரின் ஜான்சன். 1918இல் பிறந்தவர். அவருடைய ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை. தந்தையார் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தை வேற்றூரில் குடியமர்த்தினார். கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்ற கறுப்பினப் பேராசிரியர் கிளேட்டர், அம்மாணவி ஒருவருக்காகவே உயர் கணித வகுப்பொன்றை நடத்தினார். பதினெட்டாம் வயதில் பட்டம் பெற்ற அவர், பின்னாளில் விண்வெளித் துறையில் பணியாற்றினார். 1962இல் ஜான் கிளென் பூமியை வலம்வரப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த எண்களை அந்த அம்மையார் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2015இல் நாட்டின் உயரிய குடிமகன் விருதைப் பெற்ற ஜான்சன், 2020இல் தம் 101ஆம் வயதில் மறைந்தார்.

இத்தகைய சங்கங்கள் மீது குறை கூறப்பட்டதில்லையா என நீங்கள் கேட்கலாம். கூறப்பட்டது. ஹோவார்டுப் பேராசிரியர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், படித்த கறுப்பின நடுத்தர வகுப்பாரின் படாடோபத்தையும் விருந்துக் கேளிக்கைகளையும் 1950களில் கடுமையாகச் சாடினார். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. கற்றவர் தமக்குள்ளேயே கூடி மகிழ்ந்து கலையும் சங்கம், நாளடைவில் ஏனையோருக்குப் பூட்டிய கதவாகிவிடும். அக்கதவைத் திறந்து வைத்தவை மிசிசிப்பியின் புழுதிச் சாலையில் சென்ற அந்தக் கார்களே.

இளைஞர்களே! கிளேட்டர் ஒரு மாணவிக்காக வகுப்பெடுத்திராவிடில் அத்திறமை வீணாகியிருக்கக்கூடும். ஏறியவர் ஒருவர் திரும்பி நின்று கை நீட்டினார், அடுத்தவர் ஏறினார். பட்டம் பெறுவது பாதி வழியே. மீதி வழி, நாம் புறப்பட்ட இடத்தை நோக்கிச் செல்வது. விடுமுறை நாட்களில் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமேனும் சொல்லிக்கொடுங்கள். இக்கழகத்தின் பொன் விழா மேடையில், அப்பிள்ளைகளுள் ஒருவர் நின்று பேசட்டும்.