முப்பதாயிரம் யாருக்கு?



வெங்காயம் கிண்ட ஆள் கூப்பிட்டால், கூலியை அவரே சொல்லுவார். மேசனும் அப்படித்தான். சட்டம் சொல்லும் ஆகக் குறைந்த சம்பளத்தைவிட அது கூட. அப்படியென்றால் அந்தச் சட்டம் யாருக்கு?

யாழ்ப்பாணத்துப் புடவைக்கடையில் இருட்டும்வரை நிற்கிறாளே ஒரு பிள்ளை, அவளுக்கு. அவளால் பேரம் பேச முடியாது.

2016இல் சட்டம் வந்தபோது மாதம் 10,000 ரூபாய். 2026 ஜனவரியிலிருந்து 30,000. கேட்டுக்கொள்ளுங்கள், முப்பதாயிரம்.

"இவ்வளவு கொடுத்தால் ஆட்களைக் குறைக்கவேண்டி வரும்" என்பார் முதலாளி. சின்னக் கடைக்கு அது பொய்க் கவலை இல்லை. ஆனால் அவளுக்கென்று அரிசி விலை குறைகிறதா?

இன்னொன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் பங்கு இந்த முப்பதாயிரத்துக்குள் அடங்காது. அது வேறு. குறைத்துத் தந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.