குரோமோலி ஃபிரேமில் மாலிப்டினம் எவ்வளவு?

சைக்கிள் ஃபிரேம்ல ‘குரோமோலி 4130’னு ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க. அது அலாய் ஸ்டீல். அதுல மாலிப்டினம் 0.15 முதல் 0.25 சதவீதம்தான். முழு ஃபிரேமையும் மாலிப்டினத்துலயே செஞ்சா என்ன?

நம்பரைப் பாருங்க. மாலிப்டினம் 2,623 டிகிரி செல்சியஸ்லதான் உருகும்; இந்த ஸ்டீல் 1,430 பக்கத்துலயே உருகிடும். விறைப்பும் மாலிப்டினத்துக்கு ஒன்றரை மடங்கு. ஆனா எடை கன சென்டிமீட்டருக்கு 10.2 கிராம்; ஸ்டீல் 7.85. காற்றில் 700 டிகிரி தாண்டினா ஆக்சைடாகி ஆவியாப் பறக்கும். முக்கியமா, வெல்டிங் பண்ணின இடம் நொறுங்கக்கூடியதா மாறிடும். பள்ளத்துல விழுந்தா ஸ்டீல் பெரும்பாலும் முதல்ல வளையும். அது சட்டுனு உடையலாம்.

ஸ்டீலுக்கு அந்தச் சிட்டிகையே போதும். வலிமை கூடுறதால மெல்லிய குழாயே பாரம் தாங்கும். செகண்ட் ஹேண்ட் ஃபிரேம் வாங்குறப்ப, ஸ்டிக்கரோட நிறுத்தாம வெல்டு பக்கத்துல விரிசல் இருக்கான்னும் பார்த்துடுங்க.